மாற்றிப் போட்டுக் கேள்

செய்தி வந்தபோது நான் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு "சொல்லுங்கண்ணே" என்றேன். அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் மூன்றே வார்த்தை சொன்னார்: "பிலோமினா போயிட்டா, சுதா." மகள் "வலிக்குதும்மா" என்று கத்திய பிறகுதான் என் கை இறுகியிருந்தது தெரிந்தது.

முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. நிக்டி காலனியிலும் நம் கம்பெனி பஸ்ஸிலும் அக்காவை அறிந்த நீங்கள் எல்லோரும் நினைவு மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். நான்தான் கடைசி. எழுதியே ஆக வேண்டிய ஒரு வாக்கியத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டேன்.

தொண்ணூற்றெட்டில் நான் சாகணில் இருக்கிற நம் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்தபோது அக்கா அங்கே டெலிபோன் ஆபரேட்டர். அது வாக்மேன் காலம். பஸ்ஸில் பாதிப் பேர் காதில் ரோட்டோரத்தில் வாங்கிய ஹெட்ஃபோன் இருக்கும். யார் புதிதாக வாங்கினாலும் அது முதலில் போவது அக்காவின் கைக்கு. சொருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை வளைத்துப் பார்ப்பார். சாகண் வரும்வரை மாட்டியிருப்பார். "மூக்குக்கண்ணாடிக் கம்பிய அமுக்குதா இல்லியான்னு அரை மணி நேரம் போட்டாத்தான் தெரியும்" என்பார்.

அவரிடம் சோதனைக்கென்றே ஒரு கேசட் இருந்தது, நினைவிருக்கும். அதில் பாட்டே கிடையாது. அக்கா வீட்டில் அரிசி களைகிற சத்தம், கடுகு வெடிக்கிற சத்தம், அந்தோணி அண்ணன் தொண்டையைச் செருமி "டீ ஆச்சா?" என்று கேட்பது, கடைசியில் அக்காவே மெதுவான குரலில் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுவது. "பாட்டு போட்டா எந்த ஹெட்ஃபோனும் நல்லாத்தான் இருக்கும். தும் தும்னு அடிச்சு ஆள மயக்கிரும். எனக்குத் தெரிஞ்ச சத்தம், தெரிஞ்ச மாதிரி கேக்குதான்னுதான் பாக்கேன்" என்பார்.

ஒருமுறை கேம்ப் பஜார் பக்கம் நடைபாதைக் கடையில் எனக்கு ஒன்று வாங்கப் போனோம். அக்கா அந்தக் கேசட்டைப் போட்டதும் கடைக்காரர் தானும் கேட்டுப் பார்த்து, "தாயி, கேசட் கராப்", கெட்டுப்போச்சு என்று உதட்டைப் பிதுக்கினார்.

"கராப் இல்ல பாவு, கடுகு" என்றார் அக்கா. பிறகு மராத்தியில் அவருக்குத் தாளிப்பதைச் செய்து காட்டினார். அவர் சிரித்துவிட்டு, உள்ளே வைத்திருந்த நல்ல ஹெட்ஃபோன் பெட்டியை எடுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேல் அக்காவுக்கு ஒரு முறை உண்டு. இடமும் வலமும் மாற்றிப் போட்டு இரண்டாம் தடவை கேட்பார். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே ஹெட்ஃபோனைக் குறை சொல்ல மாட்டார். மாற்றிப் போட்டதும் குறையும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்ஃபோனில். மாறாமல் அங்கேயே நின்றால் கோளாறு காதில். அவருடைய இடது காது மந்தம். இருபது வருடம் ஆபரேட்டர் ஹெட்செட் உட்கார்ந்திருந்த காது. அதனால்தான் நம்மை எப்போதும் வலப்பக்கம் உட்காரச் சொல்வார்.

என் மகள் தாரிணிக்கு அப்போது மூன்று வயது. பேச்சு சரியாக வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவாள், சில நேரம் மாட்டாள். வீட்டில் தமிழ், பால்வாடியில் மராத்தி, கீழ்வீட்டில் இந்தி, அதனால் குழந்தை குழம்புகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். தும்மலுக்கே டாக்டரிடம் ஓடுகிற நான், இதை மட்டும் அப்படியே நம்பினேன். நம்ப விரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில், கடையில் திருப்பிக் கொடுக்க வைத்திருந்த ஹெட்ஃபோனைத் தாரிணி எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் இடது பக்கம் செத்திருந்தது. கேசட்டில் கடுகு வெடித்ததும் கெக்கெக்கே என்று சிரித்தாள். அக்கா விளையாட்டாக, கேட்கிற பக்கம் இடது காதுக்கு வரும்படி மாற்றிப் போட்டார். "போச்சு" என்று கையை விரித்தாள். பழையபடி போட்டதும் சிரிப்பு. மறுபடி மாற்றினால் "போச்சு". மூன்றாம் தடவை அக்கா சிரிக்கவில்லை.

"சுதா, கோவிச்சுக்காத. பிள்ளைக்கு இடது காத டாக்டர்கிட்ட காட்டிரு."

நான் பயந்தால் கோபப்படுகிறவள். அன்று சொன்னேன்: "உங்களுக்குக் காது போச்சுன்னா எல்லாருக்கும் போகணுமாக்கா?"

அதுதான் அந்த வாக்கியம்.

அக்கா ஹெட்ஃபோன் ஒயரைச் சுற்றி வைத்தார். "எனக்குப் போனது எனக்கே ஏழு வருஷம் தெரியல, சுதா. அதான் சொல்லுதேன்."

ஒன்பது நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். பத்தாம் நாள் வீட்டில், என் ஹெட்ஃபோனில் ஒரு பக்கத்தைக் கையால் பொத்தி, நானே தாரிணிக்கு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அடுத்த நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. இன்னும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை. சின்ன அறுவை சிகிச்சையோடு போயிற்று. அந்த வருடக் கடைசியில் அவள் மூன்று பாஷையிலும் என்னை எதிர்த்துப் பேசினாள்.

விஷயத்தைச் சொன்னபோது அக்கா தாரிணியின் கன்னத்தைத் தட்டி, "ஏட்டி, எல்லாம் கேக்குதா? இனி உங்கம்மா திட்டுறதும் கேக்குமே" என்றார். அவ்வளவுதான். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை.

நான் எடுத்தேன். ஒருநாள் பஸ்ஸில் வலப்பக்கம் வேறு யாரோ இருந்தார்கள். இடப்பக்கம் உட்கார்ந்து, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. மன்னிச்சிருங்க" என்றேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் மேட்டில் ஏறிய சத்தம் வேறு. சற்றுப் பொறுத்து என் பக்கம் திரும்பி, "என்னளா?" என்றார். "ஒண்ணுமில்லக்கா" என்றேன். இறங்கி வலப்பக்கம் வந்து சொல்ல எனக்கு நாலு வருடம் இருந்தது. சொல்லவில்லை. அன்று கேட்டதா என்பது இனித் தெரியப்போவதுமில்லை.

பூசை அன்று அந்தோணி அண்ணன் அந்தக் கேசட்டை என் கையில் வைத்தார். "இத வச்சு ஹெட்ஃபோன் பாக்க இனி யாரு இருக்கா? நீயே வச்சுக்கம்மா." வீட்டில் வாக்மேனைத் தேடி எடுத்துத் தாரிணியிடம் கொடுத்தேன். அரிசி, கடுகு, "டீ ஆச்சா?", பிறகு எண்ணிக்கை. பாதியில் அவளாகவே ஹெட்ஃபோனைக் கழற்றி இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நான் சொல்லித் தரவில்லை. எப்போதோ அக்காவிடம் பார்த்திருக்க வேண்டும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேசட்டும், எதையும் குறை சொல்லுமுன் ஒருதரம் மாற்றிப் போட்டுப் பார்க்கும் பழக்கமும். அந்தப் பழக்கம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பிறகு, ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அன்று தாரிணி சொன்னது:

"அம்மா, ரெண்டு சைடும் ஆன்ட்டி இருக்காங்க."