சுத்தியல் பட்ட முகம்

அத்தை சுத்தியலை ஓங்கி அம்மாவின் மூக்கில் ஒரு போடு போட்டபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. சுவரில் இருந்த அம்மாதான். ஆனாலும் அம்மா அம்மாதானே!

போடியில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்துச் சுவரில், அப்பாவின் அக்காவான அத்தை டைல்ஸ் சில்லுகளால் பெரிய சித்திரம் பதித்திருந்தாள். ஏலக்காய் எடுக்கும் பெண்ணுக்கு அம்மாவின் முகம். நிஜ அம்மா திங்கட்கிழமை விடியலில் ஜீப்பேறி மலைக்குப் போனால் சனிக்கிழமைதான் இறங்குவாள். எத்தனை மழை அடித்தாலும் ஒரு சில்லுகூட அசையக் கூடாது என்பது அத்தையின் வீம்பு.

அந்தச் சனிக்கிழமை, சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்தாள். இலை, கூடை, கை எல்லாம் கெட்டியாகச் சத்தம் கொடுத்தன. முகம் மட்டும் பொத்துப் பொத்தென்றது.

"உள்ள பொள்ளலா இருக்கு ஆத்தா. ஒரு மழைக்குத் தாங்காது. தள்ளி நில்லு."

நான் அலறினேன். சுத்தியல் நிற்கவில்லை. நெற்றி உதிர்ந்தது. ஒரு கண் என் காலடியில் வந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்தா ஜீப்பு வரவேண்டும்? இறங்கிய அம்மா கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்ன மதினி, எம் மூஞ்சியப் போயி..."

அத்தை காய்ந்த பசைக்குள்ளிருந்து எதையோ பிடுங்கினாள். என் பள்ளிக்கூட அடையாள அட்டை.

"இந்தப் பிளாஸ்டிக்குதான் பசையப் பிடிக்க விடல. யாரு வச்சது?"

நான்தான். முகம் பதித்த அன்று அத்தை டீ குடிக்கப் போன நேரத்தில், ஈரப் பசைக்குள் அழுத்தி மேலே பூசிவிட்டேன். அதில் என் போட்டோவும் வீட்டு விலாசமும் இருந்தன.

"அம்மாகூடவே இருக்கலாம்னு வச்சேன். வெலாசம் இருந்தா வெரசா வீட்டுக்கு வந்துரும்ல..."

அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. அம்மா அந்த அட்டையை முந்தானையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜீப்பு வந்தது. அம்மா ஏறவில்லை. பாதிக் கூலிக்குப் பக்கத்து ராசிங்காபுரத்துத் தோட்டங்களில் களையெடுக்கப் போய், சாயங்காலமே வீடு திரும்பினாள். பிறகு மலைக்குப் போகவேயில்லை.

அத்தை பதித்த புது முகத்தில் இன்றுவரை ஒரு சில்லு உதிரவில்லை. முகம் உடைந்ததால்தான் அம்மாவை ஏலத்தோட்டத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், எல்லாம் என்னால்தான் என்று நினைத்து நான் ரொம்ப நாள் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.