அக்கா வச்ச பழைய வெர்ஷன்

பேய் பிசாசெல்லாம் நான் நம்புற ஆளே இல்ல வே. இப்பவும் நம்பல. ஆனா என் கம்ப்யூட்டர்ல நடந்ததை நடக்கலன்னு சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன். நீரு பெங்களூருல பெரிய வேலை பாக்கீரு, சிரிப்பீரு. சிரியும், ஆனா முழுசா கேட்டுட்டுச் சிரியும்.

எங்க அக்கா எழுதின புரோகிராம் ஒண்ணு இருக்கு. சேலை பார்டர் படத்தைக் குடுத்தா, தறியில மாட்டுற அட்டையில எங்கெங்க ஓட்டை போடணும்னு கட்டம் போட்டுக் காட்டிரும். அது பைத்தான் மொழியோட பழைய வெர்ஷன் ரெண்டு புள்ளி ஏழுலதான் ஓடும், புது வெர்ஷன் மூணுல ஓட்டினா முதல் வரியிலயே நின்னுரும். என் வேலைக்கு மூணுதான் வேணும். ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டும் சண்டை போடாம, இந்த ஃபோல்டருக்கு இது, அந்த ஃபோல்டருக்கு அதுன்னு பிரிச்சு வச்சதும் அவதான். போன வருசம் காய்ச்சல்ல போயிட்டா.

எங்க ஊருத் தறியில நீளவாக்குல ஓடுற பாவு நூல் தீந்தா பழைய நூலை உருவ மாட்டாங்க, அந்த முனையிலயே புதுப் பாவைப் பிணைப்பாங்க. "ஏலே, இதுவும் அப்படித்தான். புதுசுல எழுதி ஓட்டிப் பாக்காம பழசை அறுத்துராத"ன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேக்கல. அவ ஃபோல்டரைப் பாத்தாலே விட்டுட்டுப் போயிட்டாளேங்கிற கோவம். ஒரு மத்தியானம் ரெண்டு புள்ளி ஏழை அழிச்சே போட்டேன்.

கொஞ்ச நேரத்துல தறிக்கூடத்து அண்ணாச்சி போன் பண்ணுதாரு. "தம்பி, ஆடித்தபசுத் திருவிழாச் சேலைக்கு பார்டரை மாத்தச் சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள கட்டம் வேணும், தறி சும்மா நிக்கி." பழசைத் திரும்ப ஏத்திப் பாத்தேன், பாதியில பிழைன்னு நின்னுட்டு. ஓடாதுன்னு தெரிஞ்சேதான் அக்கா புரோகிராமைத் தட்டினேன்.

ஓடிச்சு வே. மேல ரெண்டு புள்ளி ஏழுன்னு போட்டு, கட்டம் முழுசும் வந்துச்சு.

வேற எங்கனயாவது இன்னொண்ணு கிடந்திருக்கும்னுதான சொல்ல வாரீரு? நானும் இந்த வேலைதான் வே பாக்கேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடியாச்சு, அணைச்சுப் போட்டும் பாத்தாச்சு. இருக்கிறது மூணாம் வெர்ஷன் மட்டும்தான். அவ ஃபோல்டருக்குள்ள போயி எந்த வெர்ஷன்னு கேட்டா மட்டும் ரெண்டு புள்ளி ஏழுன்னு பதில் வருது.

எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்துன்னு சொல்லாதவன் இல்ல. முடியாதுன்னுட்டேன். அவ புரோகிராமை மூணுல நானே எழுதிட்டேன், கடைசி ஒரு வரிதான் பாக்கி. அதை எழுதி ஓட்டிட்டா பிணைச்சு முடிஞ்சிரும், பழசுக்கு அங்கன வேலை இருக்காது. எழுத மாட்டேன் வே. எவன் என்ன சொன்னாலும் எழுத மாட்டேன்.

நேத்து சாயங்காலம் கூட அவ ஃபோல்டருக்குள்ள போயிக் கேட்டேன். பதில் வந்துச்சு.