காணாமற்போனவனின் மனைவி

என் பேராசிரியை யோகன்னா காப்பிக் கோப்பையை அரபு நூல்களின் மேல்தான் வைப்பார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சட்டக் கருத்துகள் அச்சான தடித்த தொகுதி. அதன் அட்டையில் வட்ட வட்டமாகக் காப்பிக் கறை. சென்னைக்குத் தெற்கே எங்கள் கோவளத்தில் அந்த மாதிரி நூலைத் தலைக்கு மேலே உள்ள அலமாரியில் வைப்போம், கை கழுவிவிட்டு எடுப்போம். அவர் கோப்பையை வைக்கும்போதெல்லாம் நான் பேச்சை விடாமலேயே அதைத் தூக்கி ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவேன். "டாங்க் யெ" என்பார், நன்றி என்று பொருள். ஒரு நாள் எனக்காகவே கார்க் தட்டு ஒன்று வாங்கி வந்தார். "உனக்குக் கறை பிடிக்காது, கவனித்தேன்" என்று சொல்லி, தட்டை நூலின் மேல் வைத்து, கோப்பையை அதன் மேல் வைத்தார். நானும் "டாங்க் யெ" என்றேன். வேறென்ன சொல்ல?

நெதர்லாந்துக்கு வந்து இரண்டாம் ஆண்டு அது. 2002. ஆரம்பகால இஸ்லாமியச் சட்டத்தில், கணவன் காணாமற்போன பெண்ணைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்பது என் ஆய்வு. அவள் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும், மறுமணம் செய்யலாமா? மதீனாவில் ஒரு பதில் இருந்தது, இராக்கின் கூஃபாவில் வேறு பதில். எந்தப் பதில் எப்போது, எந்த ஊரில், யார் வாய் வழியாக வந்தது என்று பின்தொடர்வதுதான் வேலை. எது சரி என்று கேட்கக் கூடாது. முதல் அத்தியாயத்தில் நான் "நம் இமாம்கள்" என்று எழுதியிருந்தேன். யோகன்னா "நம்" என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "யாருடைய?" என்று எழுதியிருந்தார். கோபமில்லாத, சுத்தமான கேள்வி.

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. என் அக்கா சுபைதாவின் கணவர் காசிம் மச்சான் 1996இல் வளைகுடாவுக்குப் போனார். அங்கே ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் வேலை. பதினான்கு மாதம் கடிதம் வந்தது; பிறகு நின்றது. அனுப்பிவைத்த ஏஜெண்டின் கதவில் பூட்டு தொங்கியது. எங்கள் வாப்பா படகுக் கூலி, கையெழுத்துப் போடத் தெரியாது. செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போகும் நான்தான் பஸ்ஸில் உட்கார்ந்து தூதரகத்துக்கு மனு எழுதினேன். திருப்போரூர் தாண்டினால் சாலை குலுக்கும், எழுத்து கோணும். பதில் ஒன்றும் வரவில்லை. அக்கா ஈ.சி.ஆர். ஓரத்து விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குப் போனாள். கணவன் இல்லாதவளா, இருக்கிறவளா என்று யாருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் அவளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்றுகூடக் குழம்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிறுத்தத்து டெலிபோன் பூத்துக்கு நான் கூப்பிடுவேன். அவள் முன்பே வந்து காத்திருப்பாள். ஒரு ஞாயிறு அவள் குரல் தணிந்திருந்தது.

"தம்பி, கேளம்பாக்கத்துல ஷேர் ஆட்டோ ஓட்றாரு, இஸ்மாயில்னு. பொண்டாட்டி மவுத்தாயிட்டா. என்னப் பொண்ணு கேட்டு ஆள் வுட்டுக்கீறாரு."

"நல்ல மனுஷனாக்கா?"

"நல்லவருதான். ஆட்டோ ஹாரன்தான் நல்லாயில்ல" என்று சிரித்தாள். "ஆனா ஜமாஅத்துல பேஜாரு பண்றாங்கடா. காசிம் மவுத்துன்னு சேதி வந்துதான்னு கேக்கறாங்க. ஹஜ்ரத்து சொல்றாரு, 'ஒன் தம்பி இதத்தான படிச்சுகினு கீறான், எழுதிக் கேளு, ஜமாஅத்துல படிக்கலாம்'னு."

ஹஜ்ரத் எங்கள் பள்ளிவாசல் இமாம். எனக்கு அரபு எழுத்து காட்டியவர். அவர் என்னைக் கேட்கிறார் என்றதும் நெஞ்சு நிமிர்ந்தது. பத்து நாள் உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன், யோகன்னாவுக்கு எழுதுகிற அதே ஒழுங்கோடு. மதீனாவின் பழைய தீர்ப்பு முதலில்: நான்கு ஆண்டு காத்திருந்து, பிறகு கணவனை இழந்தவளைப் போல நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற தனித்திருப்பு இருந்து, மணந்துகொள்ளலாம். அடுத்து இடையில் வந்த கருத்துகள். காலத்தால் பிந்தியது என்று நான் முடிவுகட்டியிருந்த கூஃபாவின் கருத்து கடைசியில்: அவன் வயதுக்காரர்கள் எல்லாம் இறந்துபோகிற காலம்வரை அவள் காத்திருக்க வேண்டும். என் கருத்து என்று ஒரு வரியும் எழுதவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிறு, அக்கா ஸலாம் சொல்லவில்லை.

"நீயே என்ன கெழவியாவுற வரைக்கும் காத்துகினு கெடன்னு எழுதிட்டியாமே?"

"நான் எங்கக்கா அப்படி எழுதினேன்?"

"ஹஜ்ரத்து ஜும்மா முடிஞ்சி எல்லார் முன்னாடியும் படிச்சாரு. 'புள்ள மொறையா எழுதிக்கீறான், முடிவக் கடைசில வச்சிக்கீறான்'னாரு. இஸ்மாயில் வூட்டு ஆளுங்க எழுந்து போயிட்டாங்க."

எங்கள் மதரசாவின் பாட நூலில், ஏற்கத்தக்க கருத்தின் ஆதாரம் எப்போதும் கடைசியில்தான் வரும். மற்றவற்றையெல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகு, நிற்பது அது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே ஹஜ்ரத்தான். இரண்டே ஆண்டில் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

"அக்கா, நான் எல்லாரும் சொன்னத வரிசையா எழுதினேன். அவ்ளோதான்."

"எல்லாரும் சொன்னது எனக்கு எதுக்குடா? அதத்தான் இங்கயே தெனம் கேட்டுகினு கீறேனே. நீ இன்னா சொல்ற?"

மறுநாள் யோகன்னாவிடம் போய், தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் விரிந்தது. "உன் சகோதரியா? இது அற்புதமான கள ஆய்வு! அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டாயா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மன்னித்துக்கொள்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு மெல்ல, "ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது நம் கேள்வி இல்லையே" என்றார். "நம்" என்றார் அவர். அதை யார் வட்டமிடுவது?

அறைக்கு வந்து மறுபடி எழுதினேன், இந்த முறை அரைப் பக்கம். காத்திருந்தது போதும். கூஃபாவின் வழி வந்த நம் நாட்டு ஹனஃபி அறிஞர்களே இக்கட்டில் மதீனாவின் தீர்ப்பை ஏற்றிருக்கிறார்கள். காஜியிடம் முறைப்படி மணவிலக்குப் பெற்று, இத்தா இருந்து, அக்கா மணந்துகொள்ளலாம். இது என் கருத்து. கீழே வாப்பாவின் பெயரோடு என் பெயரை எழுதினேன். கருத்துச் சொல்ல நான் யார்? எந்த மதரசாவிலும் பட்டம் வாங்காதவன். இந்தப் பல்கலைக்கழகமோ கருத்துச் சொல்லாமலிருப்பதற்கே பட்டம் தருகிறது. நான் சொன்னது தவறென்றால் மறுமையில் பதில் சொல்வது அக்காவா, நானா? தபால் பெட்டி முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போட்டேன்.

ஹஜ்ரத் ஏற்றுக்கொண்டார். காஜி, மனு, விசாரணை, இத்தா என்று ஓராண்டு போயிற்று. இஸ்மாயில் அதுவரை காத்திருந்தார். நிக்காஹ் முடிந்து எட்டாம் நாள் அக்கா கேளம்பாக்கத்திலிருந்து பேசினாள். புது வூடு, புதுப் பாத்திரம், ஆட்டோவுக்குப் புது ஹாரன். சிரித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"தம்பி, காசிம் ஒரு நாளு திரும்பி வந்து நின்னா? நான் யாரு வூட்ல இருக்கணும்?"

என் மூன்றாம் அத்தியாயமே அதுதான். அவள் முதலாமவனுக்கே என்றார்கள் சிலர். இரண்டாமவனோடுதான் என்றார்கள் சிலர். வந்தவனிடமே கேளுங்கள், மனைவி வேண்டுமா, கொடுத்த மஹர் என்ற மணக்கொடை வேண்டுமா என்றார்கள் இன்னும் சிலர். அவளைக் கேளுங்கள் என்று சொன்னவர்களை நான் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை கிடைக்கவில்லை. "அத இன்னும் படிச்சிட்டிருக்கேன்க்கா" என்றேன்.

"சரி வுடு. வந்தா மீன் கொழம்பு ஊத்தி ஒக்கார வைக்கிறேன். அதுக்குள்ள நீ படிச்சி முடி."

அந்த வெள்ளிக்கிழமை இந்த ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனேன். பழைய உடற்பயிற்சிக் கூடம் அது. தரையில் பந்தாட்டக் கோடுகள் இன்னும் தெரியும். வருகிறவர்களில் பாதி மொராக்கோக்காரர்கள். மதீனாவின் வழி நின்று, தொழுகையில் கைகளைத் தொங்கவிட்டு நிற்பவர்கள். மீதிப் பாதி துருக்கியர்கள்; கூஃபாவின் வழி நின்று, எங்கள் ஊரைப் போலவே தொப்புளுக்குக் கீழே கை கட்டுபவர்கள். எனக்கு இடப்புறம் ஒரு மொராக்கோக் கிழவர், வலப்புறம் ஒரு துருக்கிய இளைஞன். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னார்கள். கைகளைக் காதுவரை உயர்த்தினேன். இரண்டு பக்கமும் கைகள் இறங்கி, அவரவர் இடத்தில் அமைந்தன. என் கைகள் மட்டும் இன்னும் இறங்கவில்லை.