ஒச்சாண்டியும் புல்லு மெசினும்

மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒச்சாண்டி சந்தேகப்படாத ஆள் என்று ஒருத்தரும் கிடையாது. கடைக்காரர் அரிசி அளந்தால் படிக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்ப்பான். பெண்டாட்டி பஞ்சம்மாள் சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்பான். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்பான். அந்த மனுஷனோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அவளுக்குத்தான் துரை மெடல் குத்தியிருக்க வேண்டும்.

பிறவியிலேயே அவன் அப்படி இல்லை. தேனியில் பருத்தி அரைவை ஆலையில் வேலை பார்த்தபோது, நின்றிருந்த மெசினுக்குள் கையை விட்டு, சிக்கிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான். யாரோ மெசினை ஓட்டுகிற பெல்ட்டை மாட்டிவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அந்த ஷெட்டில் அன்றைக்கு ஏழு பேர் இருந்தார்கள். மாட்டியது யார் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருத்தன் ஒப்புக்கொண்டிருந்தால் சந்தேகம் அந்த ஒருத்தனோடு போயிருக்கும். ஒப்புக்கொள்ளாததால் ஊர் உலகமே அவனுக்கு அந்த ஏழு பேராகிவிட்டது.

முப்பத்தாறாம் வருஷம் துரை பங்களாவுக்குச் சீமையிலிருந்து புல்லு மெசின் வந்தது. சின்னமனூர் வரை மாட்டு வண்டியில், அங்கிருந்து நாலு பேர் தோளில். இரண்டு சக்கரம், நடுவில் வளைந்த பிளேடுகள் சுற்றும் உருளை, அதற்கடியில் அசையாத ஒரு அடிப் பிளேடு. தள்ளிக்கொண்டு போனால் இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற புல் வெட்டுப்படும். அதுவரை அந்தப் புல்தரையை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தவன் கோம்பை ஊர்க்காரன் கருத்தக்கண்ணன். மெசின் வந்ததும் அவனைப் பூச்செடிக்குத் தண்ணீர் சுமக்கப் போட்டார்கள். ஆலையில் ஸ்பேனர் பிடித்தவன் என்று மெசினை ஒச்சாண்டியிடம் கொடுத்தார் துரை.

“விரலில்லாத ஆளுக்கா மெசினு?” என்றார் கிளார்க்கு சீனிச்சாமி.

“இன்னொரு கையில அஞ்சும் இருக்குங்க” என்றான் ஒச்சாண்டி.

சொன்னதுபோலவே மெசினைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். தரையில் உட்கார்ந்து கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வான். நட்டைக் கால் விரலால் பிடித்துக்கொண்டு இடது கையால் ஸ்பேனரைத் திருகுவான். ஆயில் குப்பியை அந்த ஒற்றைக் கட்டைவிரலால் அமுக்குவான். ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை. அடிப் பிளேடு சரியாக நெருங்கி நிற்கிறதா என்று பார்க்க, நடுவில் காகிதத்தைக் கொடுத்து உருளையைச் சுற்ற வேண்டும். காகிதம் பிடிக்க ஒரு கை, சுற்ற ஒரு கை. காகிதத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தான், எச்சிலில் ஊறித் தொங்கியது. அப்புறம்தான் வெற்றிலை நினைவு வந்தது. காம்பைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்து, முகத்தைப் பிளேடுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இடது கையால் உருளையைச் சுற்றினான். வெற்றிலை நறுக்கென்று துண்டாகியது. மிச்சத்தில் சுண்ணாம்பைத் தடவி அப்படியே மென்றுகொண்டான். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

“கூப்பிட்டா நான் வந்து பிடிக்க மாட்டேனா?” என்றாள் பஞ்சம்மாள்.

“இதுல என் கையத் தவிர இன்னொரு கை படக்கூடாது.”

கோடை முழுக்க மெசின் நன்றாகத்தான் வெட்டியது. ஆடிச் சாரல் பிடித்ததும் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார்கள் வருவார்கள் என்பதால் சனிக்கிழமை காலையில் புல் வெட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானமே அவன் மெசினைச் சரி பண்ணி, வெற்றிலை வெட்டிப் பார்த்து வைத்துவிடுவான். மறுநாள் காலையில் தள்ளினால் வெட்டாது. ஈரப் புல்லை மென்று துப்பிவிட்டுப் போகும். மூன்று சனிக்கிழமை இப்படியே ஆனது. மூன்றாவது தடவை துரை வந்து நுனி மஞ்சளித்த தரையைப் பார்த்தார். அடுத்த வாரமும் இப்படியென்றால் மெசினைக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். விரலில்லாத ஆளுக்கு அந்த மலையில் வேறு வேலை கிடையாது. கொழுந்து கிள்ளவும் விரல் வேண்டும், மண்வெட்டி பிடிக்கவும் விரல் வேண்டும்.

முந்தின நாள் சரியாக இருந்தது காலையில் எப்படிக் கெடும்? எவனோ அடிப் பிளேடை நிறுத்துகிற ஸ்குரூவைத் தளர்த்துகிறான். மெசின் போனால் யாருக்கு லாபம்? கருத்தக்கண்ணனுக்கு. அவனுடைய தண்ணீர்க் குடங்களும் மெசின் நிற்கிற ஷெட்டில்தான் இருந்தன. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒச்சாண்டி ஸ்குரூவுக்குக் குறுக்கே நூல் கட்டி வைத்தான். காலையில் நூல் அறுந்து கிடந்தது. எலி என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது அவன் நினைவுக்கே வரவில்லை. தரையில் சாம்பலைத் தூவி வைத்தான். கருத்தக்கண்ணனின் காலடி பதிந்திருந்தது. குடம் எடுக்க வருகிறவன் பறந்தா வருவான்?

“மெசினு இப்பவாச்சும் வெட்டுதாண்ணே?” என்று கேட்டான் கருத்தக்கண்ணன்.

“வெட்டலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமத்தானே கேக்குறேன்.”

அந்தப் பதிலிலும் ஒரு நையாண்டி இருப்பதாகப் பட்டது. நேராகக் கிளார்க்கிடம் போய், கருத்தக்கண்ணன் ராத்திரியில் ஸ்குரூவைத் தளர்த்துகிறான் என்று சொன்னான். ‘தளர்த்துகிறானோ என்னவோ’ என்று சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததாகவே சொன்னான். அன்றைக்கே கருத்தக்கண்ணனைப் பங்களாவிலிருந்து தூக்கி, மேல்காட்டில் களை வெட்டுகிற கூட்டத்தில் போட்டார்கள். சாரல் காலத்தில் மேல்காடு என்றால் அட்டைக்குத் தீனி போடுகிற வேலை.

ஷெட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி ஒச்சாண்டியின் அரைஞாணுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வெற்றிலை அழகாக வெட்டுப்பட்டது. சனிக்கிழமை பொழுது விடிந்ததும் பூட்டைத் திறந்து மெசினை வெளியே தள்ளினான்.

புல்லை மென்று துப்பியது.

அவன் மெசினைத் திரும்ப ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டுக் குப்புறப் படுத்தான். மடியில் வெற்றிலை தீர்ந்திருந்தது. வாசலில் கிடந்த ஈரப் புல் ஒன்றைக் கடித்துக்கொண்டு உருளையைச் சுற்றினான். புல் வளைந்து, பிளேடுகளுக்கு நடுவில் மடிந்து, முழுசாக வெளியே வந்தது. இன்னொரு தடவை சுற்றினான். அப்படியேதான் வந்தது. பிளேடுகளுக்கு நடுவே சந்து கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் விறைப்பான வெற்றிலை வெட்டுப்பட்டுவிடும், துவண்ட புல் நழுவிவிடும். கோடையில் புல்லும் விறைப்பாக இருந்ததால் தெரியவில்லை. ஒருத்தனும் எதையும் தளர்த்தவில்லை. தரையில் கிடந்தபடியே வாயிலிருந்த புல்லைத் துப்பினான். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

கிளார்க்கு ஆபீசுக்குப் போய், “நான் சொன்னது தப்புங்க. அவன் ஒண்ணும் செய்யல. எனக்குத்தான் பாக்கத் தெரியல” என்றான்.

சீனிச்சாமி பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப மெசினு உன் கைக்கு அடங்காதுன்னு தொரைகிட்டச் சொல்லிறவா?”

“மத்தியானம் வரைக்கும் பொறுங்க. அவன மட்டும் கீழ அனுப்புங்க.”

“நீயே போய்க் கூட்டியா. உன் மூஞ்சியப் பாத்தா வருவானான்னு எனக்குத் தெரியல.”

மேல்காட்டில் கருத்தக்கண்ணன் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்து ரத்தம் வழிந்திருந்தது. ஒச்சாண்டி வெற்றிலைக் கதையை ஒன்று விடாமல் சொன்னான். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதையும் சொன்னான்.

“இப்ப எதுக்குக் கூப்பிடுறீக? ஸ்பேனரக் காணோம்னு சொல்றதுக்கா?”

“காகிதம் பிடிக்க ரெண்டு விரலு வேணும்ப்பா.”

கருத்தக்கண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டான். கூட வந்தான், பத்தடி தள்ளியே வந்தான். ஷெட்டில் ஒச்சாண்டி ஸ்குரூவை இறுக்கிவிட்டு, ஒரு காகிதத் துண்டை நீட்டினான். “இந்தா, நடுவுல குடுத்துப் பிடி. நான் சுத்துறேன்.”

கருத்தக்கண்ணன் காகிதத்தை வாங்கவில்லை. பிளேடைப் பார்த்தான். ஒச்சாண்டியின் வலது கையைப் பார்த்தான்.

“நீங்க சுத்துவீக. என் விரலு அங்கன இருக்கணுமா?” என்றான். “எந்த நம்பிக்கையில வைக்கச் சொல்றீக?”

ஒச்சாண்டிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டான். வேறு யாரைப் பார்த்து அவன் கேட்பான்? வெளியே பங்களா மணி பதினொன்று அடித்தது.

அவன் இடது கையில் காகிதத்தை எடுத்தான். குந்தி உட்கார்ந்து, உருளைக்கும் அடிப் பிளேடுக்கும் நடுவே அதைக் கொடுத்து ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான்.

“நீ சுத்து” என்றான்.

கருத்தக்கண்ணன் எதிரே உட்கார்ந்து உருளைமேல் கையை வைத்தான். ஒச்சாண்டி பிளேடைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்தான்.

காகிதம் கோடு போட்டதுபோல இரண்டாக விழுந்தது.

“அந்த ஓரத்துலயும் பாக்கணும்” என்றான் ஒச்சாண்டி.

“வைங்கண்ணே” என்றான் கருத்தக்கண்ணன்.

ஒச்சாண்டி விரல்களைப் பிளேடின் மறுஓரத்துக்கு நகர்த்தினான்.