சித்தப்பாவுக்கு ஒரு கல்

சித்தப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமில்லை. டிராக்டர் பெட்டியில் வைக்கோல்மேல் கிடத்திக் கொண்டுவந்த உடம்பும், கழுத்தில் சுற்றியிருந்த பச்சைத் துண்டும்தான். அந்தத் துண்டில் பச்சை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. கோடையில் செய்யாறு வற்றினால் மாடுகள் அக்கரைக்குப் போய்விடும். பயிரை மேய்ந்தது என்று அக்கரைக்காரர்கள் கட்டிப்போட்ட எங்கள் மாட்டைக் கேட்கப் போனவரை ஆற்று மணலிலேயே வெட்டிப்போட்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்த ரத்த வாடையை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. ஊரோ அதை வீரக் கதையாக்கிவிட்டது. நாலு பேரைச் சாய்த்துவிட்டுத்தான் விழுந்தாராம். வருஷத்துக்கு வருஷம் சாய்ந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

போன மாதம் சித்தியையும் அவள் மகனையும் திருவண்ணாமலையில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். காடு திருத்தி ஆற்றோரம் குடியேறியவர்களைப் பற்றிய கூடம் அது. தண்ணீர் இருந்த இடத்தில் மாடு, மாடு இருந்த இடத்தில் வெட்டுக்குத்து, சரித்திரம் அவ்வளவுதான். ஒரு நடுகல்லில், உடம்பெல்லாம் அம்பு தைத்த ஒருவன் வாளை ஓங்கி நின்றான். விளக்கம் சொல்லும் பெண் எழுத்தைப் படித்தார்: “தொறு மீட்டுப் பட்டான். மாட்டு மந்தைய மீட்டு செத்துப்போனார்னு அர்த்தங்க.”

தம்பியின் முகம் சிவந்துவிட்டது. “அப்பாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு வெக்கறேன்மா. ஆத்தங்கரையில, அக்கரைக்காரனுங்க தெனம் பாக்கற மாதிரி. கையில கத்தியோட.”

வெட்டியவனின் மகனுக்கும் இவன் வயசுதான். அப்படி ஒரு கல் நின்றால் மறுபடி அந்த மணல் நனையும்.

சித்தி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பட்டான்னா செத்தான்னா அர்த்தம்?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“ஆமாம்மா.”

“அவரு பட்டது ஒரு நாளு. நான் இன்னும் பட்டுக்கினுதான் இருக்கறேன்.”

பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “கல்லு வைடா, வேணாங்கல. ஆனா உங்கப்பா கையில அன்னிக்குக் கத்தி இல்ல. மாட்ட ஓட்டியார கயித்த எடுத்துக்கினு போனாரு. கயித்தோட செதுக்கச் சொல்லு.”

“கயித்தோடவா? அவனுங்க சிரிப்பானுங்கம்மா.”

“சிரிக்கட்டும்டா. நீ உசுரோட இருப்ப இல்ல?”