ஏர் படாத மண்

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறேன். வட்டமான பழைய மண்கோட்டை ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தேன். எதிரே இருப்பது வெறும் சமதரை. ஜேசிபி பல் பதிந்த தடம் இன்னும் காயவில்லை.

"ஏனுங்க, கோட்டை எங்கங்க?" என்று தோட்டக்கார அம்மாவிடம் கேட்கிறேன்.

"கோயிலுக்குக் குடுத்துப்போட்டோமுங்க. தரையை மேடாக்க மண்ணு வேணும்னாங்க. பாட்டன் காலத்துலிருந்தே அந்தக் கோட்டைக் கரையில ஏர் ஓட்டுனதில்லைங்க. சாமிக்கு அதைவிடச் சுத்தமான மண்ணு எங்க கிடைக்குமுங்க?"

அவர் முகத்தில் அத்தனை பெருமை. யாரைக் கோபித்துக்கொள்வது? நான் போன மாதமே கிளம்பி வந்திருக்கலாம்.

இடத்தைக் காட்ட முன்னே நடக்கிறார். கரை இருந்த இடம் வந்ததும் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

"நீங்களும் கழட்டிப்போட்டு வாங்க கண்ணு," என்கிறார். "கோட்டைக்குள்ள போறோமில்லீங்களா."