டெல்மருக்கு விழுந்த பரிசு

பள்ளி நிர்வாகத்தின் குறிப்பில் வெர்னா டாலிவரைப் பற்றி இப்படி இருக்கிறது: "ஆயுதம் தாங்கிய பாதுகாவலர். நெருக்கடியில் நிதானம் இழக்காதவர்." சாப்பாட்டுக்கூடத்தில் யாராவது தட்டைக் கீழே போட்டால் கரண்டியை விட்டெறிந்து அடுப்புக்குப் பின்னால் குனிகிற சமையற்காரம்மா இவர். துப்பாக்கியோடு பள்ளியைக் காக்கும் அந்த வேலைக்கு வேறு யாரும் கைதூக்கவில்லை; அவ்வளவுதான் தகுதி.

உலகத்திலேயே ஜனங்கள் அதிகம் துப்பாக்கி வைத்திருக்கும் நாடு எங்களுடையது. கூட்டத்தில் புகுந்து சுடுவதிலும் பணக்கார நாடுகளில் எங்களை மிஞ்ச ஆளில்லை. இரண்டுக்கும் சம்பந்தமுண்டா என்று கேட்டால் மொன்டானா மாநிலத்திலிருக்கும் எங்கள் ஊரில் ஒரே பதில்தான்: "வீட்டுக்கு வீடு இருக்கு, இங்க ஒண்ணும் நடக்கலையே." நானும் சொல்லியிருக்கிறேன். 'இதுவரைக்கும்' என்ற சொல்லை மட்டும் எல்லோரும் நாகரிகமாக விழுங்கிவிடுவோம். ஒருவரிடம் எத்தனை துப்பாக்கி என்று கேட்பது சம்பளம் கேட்பதைவிட மோசம்.

செப்டம்பரில் மரம் அறுக்கும் ஆலை வெர்னாவின் தம்பி டெல்மரை வேலையிலிருந்து நிறுத்தியது. ஊர் உருகியது. தீயணைப்புப் படை வருஷாவருஷம் நடத்தும் குலுக்கலுக்கு அந்த முறை பரிசு ஒரு ரைஃபிள். சீட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் தங்கள் பெயருக்குப் பதில் டெல்மர் பெயரை எழுதிப் போட்டார்கள். அவனுக்கே விழுந்தது. கைதட்டல் அடங்கவில்லை.

வெர்னா கைதட்டவில்லை. முந்தின ஞாயிறு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மசித்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே அவன் சொன்னான்: "அந்த ஆலை ஆபீஸ்ல ஒருத்தனையும் விடக் கூடாதுக்கா. வரிசையா."

"என்ன வெர்னா, தம்பிக்குப் பரிசு விழுந்தா மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றார் தீயணைப்புப் படைத்தலைவர் ஹாஸ்கல்.

"அவன்கிட்ட ஏற்கெனவே பதினொண்ணு இருக்கு."

பக்கத்திலிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டாரே!

"அப்ப பன்னெண்டாவதால என்ன கெட்டுப்போச்சு?"

அதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. வெர்னாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை தேவாலயத்துக்குப் போகாமல் நேரே தம்பி வீட்டுக்குப் போனார்.

"எல்லாத்தையும் எடுத்துக் குடு. என் வீட்டுல இருக்கட்டும்."

"மான் வேட்டை சீசன் வருதுக்கா. பைத்தியமா உனக்கு?"

"அன்னைக்கு நீ பேசினது மானைப் பத்தி இல்ல."

"அட, கோவத்துல ஒரு பேச்சு! ஊரே எனக்குக் குடுக்குது, நீ புடுங்க வர்ற."

"ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவன் கதவை மறித்து நின்றான். "தர மாட்டேன்னா? போலீஸ் ஷெரீஃபைக் கூப்பிடுவியா?"

"வந்து என்ன பண்ணுவாரு? உனக்கு வாழ்த்து சொல்லிட்டுப் போவாரு." வெர்னா வாசற்படியில் உட்கார்ந்தார். "எனக்கு உன்னப் பாத்தா பயமா இருக்குடா, டெல்மர்."

அவன் கதவைவிட்டு விலகினான்.

வெர்னா டாலிவர் தம்பியின் பன்னிரண்டு துப்பாக்கிகளையும் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், தன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.